ஐந்தாவது குச்சி

விடியற்காலை ஐந்தரை.
மேலப்பாளையம் கறிக்கடைத் தெருவில்
உரித்த கிடாய்க்கு இன்னும் சூடு ஆறவில்லை.
தொடைச் சதை ஓரிடத்தில்
தானாக ஒருமுறை துடித்து அடங்கியது.

பஞ்சு சுற்றிய குச்சிகள் என்னிடம் ஐந்து.
கறிக்கு ஒன்று. கத்திக்கு ஒன்று.
புளியங்கட்டையின் வெட்டுத் தழும்புகளுக்கு ஒன்று.
நான்காவதற்குச் சிந்தா மதார்
உள்ளங்கையை நீட்டினார்,
ரேகை பார்க்கிறவளிடம் நீட்டுவதுபோல.
"ஆயுசு கெட்டிதானம்மா?"
சிரித்துவிட்டேன்.

ஒரு குச்சி மிச்சம் இருந்தது.
அவர் தோளில் கிடந்த துண்டைத் தொட்டேன்.
"அதையுமா எடுக்கிய? அது சுத்தம்லா.
நேத்து ராத்திரிதான் சோப்புப் போட்டு அலசுனேன்."

ஐஸ்பெட்டியை மடியில் வைத்துக்
கொக்கிரகுளம் பாலம் தாண்டுகையில்
கண்டக்டர் கேட்டார்:
"மீனாக்கா? லக்கேஜ் போடணுமே."
கீழே ஆற்றில் யாரோ
வேட்டியை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தார்.

முப்பத்தேழு டிகிரிச் சூட்டில்
ஒரு பகலும் ஓர் இரவும்.
நம் உடம்பின் சூடும் அதுதான்.
சொந்த ஊரில் இருக்கிறோம் என்று
அவை நம்பிக்கொள்ளட்டும் என்றுதான் அந்த ஏற்பாடு.

கறித் தட்டில் பன்னிரண்டு புள்ளி.
கத்தியில் முப்பது சொச்சம்.
கட்டையில் நான் எதிர்பார்த்ததுதான்.
கையில் அதைவிடக் குறைவு.
துண்டின் தட்டைத் திறந்தால்
விளிம்புவரை பச்சை மினுக்கம்,
தீப்பெட்டியில் அடைத்துவைத்த பொன்வண்டின் முதுகு.
அழகாக இருந்தது. சொல்ல வெட்கம்தான்.

படிவத்தில் எண் கேட்கும் கட்டம்.
விண்மீனுக்கும் ஆண்டவன் கிருபைக்கும் சொல்வதை
அதில் எழுதினேன்:
எண்ணில் அடங்கா.

பேனாவை மூடிய பிறகுதான் உறைத்தது.
ஞாயிறுதோறும் எனக்கு நெஞ்செலும்பு நிறுக்குமுன்
ஈ உட்கார்ந்த இடத்தை, கசிந்த ரத்தத்தை
அந்தத் துண்டால் ஒற்றி ஒற்றி எடுப்பார்.
மற்றவர்களுக்கு அப்படியே பொட்டலம்.
எனக்கு மட்டும்தான் துடைப்பு.
"லேப்புக்காரம்மால்லா, சுத்தம் பாப்பிய."

கொதித்தால் செத்துவிடும். தெரியும்.
ஆனால் பொட்டலம் பிரித்த கையால்தான்
உப்பு ஜாடியைத் திறந்திருக்கிறேன்.
எலும்பு தட்டிய பலகையிலேயே
பெனிட்டாவுக்கு வெள்ளரிக்காய் நறுக்கியிருக்கிறேன்.
போன மாதம் மூன்று நாள்
அவள் சுருண்டு கிடந்தபோது
பள்ளிக்கூடத்து வாசலில் விற்ற ஐஸைத்தான் திட்டினேன்.

அடுத்த ஞாயிறு.
நாலாக மடித்த அறிக்கை பர்சுக்குள்.
எனக்குப் பின்னால் எட்டுப் பேர்.
முக்கால் கிலோ வெட்டி முடித்து
தோளிலிருந்து துண்டை எடுத்தார்.

"துடைக்காதீங்க பாய்."

கத்தி ஓசைகள் எல்லாம் நின்றதுபோல் இருந்தது.
நின்றிருக்காது, எனக்குத்தான் அப்படி.
"கோவமாம்மா? போன வாரம் எலும்பு கூடிட்டோ?"
இல்லை பாய் என்றேன். பிறகு சொல்கிறேன் என்றேன்.
பின்னால் ஒருவர் சில்லறையைக் குலுக்கினார்.

அந்தரத்தில் நின்ற கை
வேறு வேலை தெரியாமல்
தராசுத் தட்டைத் துடைத்தது.