கேட்டுச் சொல்றேன்

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு
லீ பஜார் புக்கிங் ஆபீஸில் ஷட்டர் இறங்கும்.
மூன்று வண்டி, நான்கு வயிறு.
"எங்கடா?" என்பான் அக்பர் பாஷா.
பதினான்கு வருஷமாக அந்தக் கேள்வி
என் மூக்கைப் பார்த்துத்தான் வருகிறது.

குகையில் ஒரு மெஸ்.
செருப்பைக் கழற்றுமுன்னே
"வேண்டாம், நேத்துக் குருமா" என்று
வண்டியைத் திருப்பச் சொன்னவன் நான்.
சூரமங்கலத்தில்
மேட்டூர் மீன் என்று போர்டு எழுதி வைத்தவரிடம்
"அண்ணே, இது டேமையே பார்க்காத மீனு" என்று சொல்லி
கல்லாவை முறைக்க வைத்தவன்.

ஆடியில் ஒரு காய்ச்சல்.
போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.
மல்லி, மண்ணெண்ணெய், மழை விழுந்த தார் ரோடு
எல்லாம் ஒரே வெள்ளைத் தாள்.
நாக்கில் உப்பு இருக்கிறது, புளிப்பு இருக்கிறது,
எதற்கும் பேர்தான் இல்லை.
சாரதா காலேஜ் ரோட்டு டாக்டர்
டார்ச் அடித்துப் பார்த்து
"வரும், வராமலும் போகும்" என்றார்.
அதற்கு அறுநூறு ரூபாய்.

இவர்களிடம் சொல்லவில்லை.
சொன்னால் பாவம் பார்ப்பார்கள்.
பாவம் பார்த்தால்
நல்ல கறித்துண்டாக எடுத்து என் இலையில் வைப்பார்கள்.
அதை எப்படித் தின்பது?

ஆகவே காதை வைத்துப் பிழைக்கிறேன்.

அஸ்தம்பட்டியில்
கல்லில் தண்ணீர் தெளித்தால் நீளமாகச் சீற வேண்டும்,
பொசுக்கென்று அறுந்தால் கல் காயவில்லை.
குரங்குச்சாவடியில் கொத்து பரோட்டா.
மாஸ்டரின் கரண்டி தாளம் தப்பினால்
உப்பும் தப்பும், வேறு கடை.
செவ்வாய்ப்பேட்டையில் தேக்சா மூடியைக் கேட்பேன்:
கணகணவென்றால் அடிச்சோறுதான் மிச்சம்.
இதெல்லாம் தெரியாத இடத்தில்
மேசைகளைக் கேட்பேன்.
நல்ல கடையில் ஜனம் பேசாது.

நாலு மாசம் இப்படி ஓடியது.
இரண்டு தடவை பாராட்டுகூட வந்தது.

நேற்று மழை.
அம்மாபேட்டை மெயின் ரோட்டில்
தார்ப்பாய்க்கு அடியில் ஒரு தள்ளுவண்டி.
"மறுபடியும் செட்டா?" என்றார்கள்.
ஆமாம்.
யார் என்ன சொன்னாலும்
தட்டுவடை செட் காதுக்காகச் செய்த பண்டம்.
இரண்டு தட்டைக்கு நடுவே பீட்ரூட், கேரட், வெங்காயம்,
கடித்தால் மண்டைக்குள் ஒரு ஓடு உடைகிறது.
மூன்று பிளேட் முடித்து
நாலாவது சொன்னேன்.

தனசீலன்தான் முதலில் மெல்வதை நிறுத்தினான்.
"எண்ணெய் சிக்கு அடிக்குதேடா."
ரகோத்தமன் முகர்ந்தான். பாஷா முகர்ந்தான்.
பிறகு மூன்று பேரும்
என் காலித் தட்டுகளைப் பார்த்தார்கள்.

வண்டிக்காரர் கேரட் துருவிக்கொண்டே இருந்தார்.
பாஷா எதுவும் கேட்கவில்லை.
போன மாசம் டீ அடுப்பு அணைந்து
ஆபீஸ் முழுக்க கேஸ் கசிந்த மத்தியானம்
அடுப்புக்குப் பக்கத்திலேயே நான்
பில் போட்டுக்கொண்டிருந்ததை
அப்போதுதான் அவன் கூட்டிப் பார்த்திருக்க வேண்டும்.
பர்ஸை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தான்,
வராத என் நாலாவது பிளேட்டுக்கும் சேர்த்து.

மழை விட்டது.
ரகோத்தமன் ஹெல்மெட்டில் தேங்கியதைக் கவிழ்த்தான்.
வடக்கே மின்னல் ஒன்று
சேர்வராயன் மலையைக் காட்டிவிட்டு எடுத்துக்கொண்டது.
"பசி அடங்கல. இப்ப எங்கடா?"
பழக்கத்தில் என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டு
தனசீலன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஆனாலும் ஒருவரும்
வேறு யாரையும் பார்த்துத் திரும்பவில்லை.
மூன்று இன்ஜினையும் நிறுத்திவிட்டு
காத்திருந்தார்கள்.

பொன்னம்மாபேட்டைப் பக்கம் எங்கோ
சூடான கல்லில் ஒரு முட்டை விழுந்தது.

"இருங்கடா," என்றேன்.
"கேட்டுச் சொல்றேன்."