இருபத்தேழு வயதுக்காரனை மொழிபெயர்த்தல்

ஜாம் போத்தலில் ஒரு விரற்கடை மண்ணெண்ணெய்.
அது முடிவதற்குள் ஒரு பக்கம்.
பழைய கணிதப் பரீட்சைத் தாள்களின் பின்புறத்தில்
உன்னைத் தமிழாக்குகிறேன், லெப்டினன்ட்.

இந்த ஒரு சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.
கரவெட்டிச் சுவர்களில் இது ஒட்டியிருக்கிறது,
படத்துக்குக் கீழே, பெயருக்கு முன்னால்.

பனிதான் கரைச்சல்.
எங்களுக்கு அது
மார்கழியில் புகையிலைக் கன்றின் மேல் நிற்கும் ஈரம்.
உன்னுடையது குதிரையின் வயிறு மட்டும் வரும்.
வொரோனெஷில் நாலு குளிர்காலம் நான் அதை மிதித்தவன்,
பயிர்ச்செய்கை படிக்கப் போய்
காதுமடலின் விளிம்பைக் கொடுத்துவிட்டு வந்தவன்.
இருந்தும் சொல் இல்லை.

மலைக்கும் இதே பாடு.
எங்கள் பக்கம் ஆக உயரமாய் நின்றது தண்ணீர்த் தாங்கி.
போன ஆவணியில்
பொம்பர் அதையும் இடித்துவிட்டது.

அரண்மனையைப் பழித்து ஒரு கவிதை எழுதினாய்.
அது கைக்குக் கை பிரதியானது.
தண்டனையாக மலைக்கு அனுப்பினார்கள்,
அங்குள்ளவர்களை அடக்க.
நீயோ அவர்களுடைய ஆறுகளைப் பாடினாய்,
கொளுத்தச் சொன்ன கிராமத்தின்
அப்பிள் மரங்களைப் பாடினாய்.
பாடிக்கொண்டே கொளுத்தினாயா?
அதை எழுதவில்லை.

அமைதிப்படைக் காலத்தில்
மலைநாட்டுச் சிப்பாய் ஒருவன் எங்கள் கிணற்றடிக்கு வந்தான்.
துவக்கைத் துலாக்காலில் சாத்திவிட்டு
துலா ஏறி இறங்குவதையே பார்த்தபடி நின்றான்.
குடிக்கத் தண்ணீர் கேட்டான்,
போகும்போது வேலியை உதைத்து விழுத்திவிட்டுப் போனான்.
உன்னை எனக்கு அப்போதே தெரியும் போல.

மேலிருந்து தள்ளப்பட்ட ஒருவனை
வருஷக்கணக்காய்த் திருத்தித் திருத்தி எழுதினாய்.
அவன் தொட்டதெல்லாம் கருகியது, காதலித்தவளும்.
அவனை அசுரன் என்பதா?
இங்கே அசுரனுக்குச் சூரன்போர் உண்டு,
மாமரமாய் நின்று பார்க்கலாம்,
பிளந்தாலும் சேவலாய் மயிலாய் ஓரிடம் கிடைக்கும்.
உன்னுடையவனுக்கு ஒன்றுமில்லை.
பென்சிலால் வட்டம் போட்டு
இடத்தை வெறுமையாய் விட்டிருக்கிறேன்.

கடைசிக் குறிப்புக்கு வந்துவிட்டேன்.

உன்னைச் சுட்டவன் உன்னோடு படித்தவன்.
விருந்தொன்றில் அவனை நீ நையாண்டி பண்ணினாய்.
மலையடிவாரம். இடி முழங்கும் பின்னேரம்.
அளந்த அடிகள். ஆளுக்கொரு சாட்சி.
நீ துவக்கை வானத்துக்கு உயர்த்தினாய் என்கிறார்கள்.

இதற்குத் தமிழில் என்ன பெயர்?
அகராதி துவந்த யுத்தம் என்கிறது.
மார்பில் சந்தனம் பூசியவர்களின் சொல்.

பரநிருபனும் நகுலேசனும் ஒரே வாங்கில் இருந்தவர்கள்.
ஒரு இரசாயனப் புத்தகத்தை இரண்டாய்க் கிழித்து
மாறி மாறிப் படித்தவர்கள்.
பிறகு ஆளுக்கொரு இயக்கம்.
எண்பத்தாறு, சித்திரை.
படலையில் சைக்கிள் மணி.
"பரன், ஒருக்கா வெளியிலை வா."
சாரத்தை மடித்துக் கட்டியபடி போனான்,
தேத்தண்ணியை மூடி வைக்கச் சொல்லிவிட்டு.

யாரும் அடி அளக்கவில்லை.
சாட்சி மட்டும் நிறைய:
யன்னல்களைச் சாத்திக்கொண்டு முழு ஒழுங்கையும்.
மூன்றாவது யன்னல் என்னுடையது.

துவந்த யுத்தத்தை வெட்டினேன்.
மேலே 'ஒருக்கா வெளியிலை வா' என்று எழுதினேன்.
அதையும் வெட்டினேன்.

நகுலேசன் இப்போது மொன்றியலில்.
விடியப்புறம் சவளால் பனி வழிக்கிறானாம்,
முழங்கால் மட்டும் வருமாம்.
நான் தேடும் சொல் அவனிடம் இருக்கக்கூடும்.
விலாசமும் என்னிடம் இருக்கிறது.

திரி கரியத் தொடங்கிவிட்டது.
பனி என்றே போட்டிருக்கிறேன், லெப்டினன்ட்.
வாசிப்பவர்கள்
புகையிலைக் கன்றை நினைத்துக்கொள்ளட்டும்.