இரண்டு ஒன்றுகள்

ராயக்கோட்டை ரோடு மேம்பாலத்தை ஒட்டி,
டயர் கடைக்கு மாடியில்,
இணையத்தில் பாட்டு விற்கப்போகும் கடைக்கு
அறை பிரித்துக்கொண்டிருக்கிறேன்.
மாங்கூழ் டப்பா வந்த அட்டையின் பின்பக்கம்
ஒரு ஸ்கெட்ச் பேனா போதும்.

பாட்டுக்கு ஒரு அட்டவணை. பாடியவருக்கு ஒன்று.
வாங்குகிறவருக்கு, ரசீதுக்கு.
ஓரிடத்தில் எழுதியதை இன்னோரிடத்தில் எழுதாதே,
எண்ணைக் கொடுத்தனுப்பு, அது போய்க் கேட்டுக்கொள்ளும்.
இவ்வளவுதான் என் தொழில்.

"இன்னும் ஒரு காலம் சேர்க்கணும் பாய்."
"எத்தனை நாளாகும்?" என்றார் கயூம் பாய்.
அன்றிலிருந்து பத்தி என்றே சொல்கிறேன்.

மொழி என்ற பத்தியில் முதல் விரிசல்.
வேப்பனப்பள்ளிப் பக்கத்துப் பாட்டு ஒன்று
தெலுங்கில் எழுந்து கன்னடத்தில் நடந்து
பல்லவிக்குத் தமிழில் வந்து உட்காருகிறது.
ஒரு கட்டத்துக்கு ஒரு மதிப்பு என்பது விதி.
காற்புள்ளி போட்டு மூன்றையும் திணிப்பவர்கள் உண்டு.
நான் நடுவில் ஒரு குட்டி அட்டவணை வைத்தேன்:
இந்தப் பாட்டு, இந்த மொழி, இரண்டே எண்கள்.
கிருஷ்ணகிரி மாதிரி.
இங்கேயே இறங்கிவிடுகிறவர்கள் கொஞ்சம்,
எல்லோரும் பஸ் மாறுவது இங்கேதான்.

பிறகு திம்மராயனும் சென்றாயனும் வந்தார்கள்,
ஒரே பஸ்ஸில், வேறு வேறு சீட்டில்.
போன ஆடி வரைக்கும் ஒரே பேண்டு செட்.
இப்போது ட்ரம் அண்ணனிடம், ஆம்ப்ளிஃபயர் தம்பியிடம்.
இருபத்திரண்டு பாட்டு மட்டும்
பாகம் பிரிக்காமல் கிடக்கிறது.

"யார் பேரு முதல்ல வரும்?"
அதற்கும் ஒரு பத்தி இருக்கிறது: வரிசை எண்.
திம்மராயன் அட்டையைப் பார்த்தார்.
சென்றாயன் ஃபேனைப் பார்த்தார்.
"அவன் பேரை எடுத்துட்டா?"
பேரை அழித்தால் பாட்டும் சேர்ந்து அழியட்டும்
என்றொரு கட்டளை உண்டு, நான் எழுதவில்லை.
இருந்தும் சொன்னேன்: "பாட்டும் போயிடும்."
"வேணாம்" என்றார்கள்
இரண்டு பேரும், ஒரே தாளத்தில்.

ராத்திரி கரண்ட் வந்ததும் உட்கார்ந்தேன்.
ஒரு பாட்டுக்குள் ஒரே வரிசை எண்
இரண்டு முறை வரக்கூடாது என்று பூட்டுப் போடவேண்டும்.
படித்தது அப்படித்தான்.
போடவில்லை.
திம்மராயன், 1.
சென்றாயன், 1.
மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது.

விலை பதினைந்து ரூபாய், ஆளுக்குப் பாதி.
இந்த இரண்டு பேருக்கு நடுவில்
ஏழரையை நான் கொண்டுவருவதா?
கயூம் பாயை எழுப்பிப் பதினாறாக்கினேன்.

விடிந்ததும் சென்றாயன் போன்.
"அண்ணன் பேரு மேல இருக்குதே."
எது முதலில் என்று நான் சொல்லாத இடத்தில்
அது தன் இஷ்டத்துக்கு எடுத்துக் கொடுக்கும்.
"மறுபடி திறந்து பாருங்க" என்றேன்.
திறந்தார்.
பேச்சில்லை.
அப்புறம் போனில் ரொம்ப நேரம்
ட்ரம் சத்தம்தான்.