நாற்பது பை

மோரிப்பில் ஞாயிறு முடிவது
திங்கள் காலை ஆறரைக்கு,
என் வாருகோலில்.

மேல்மணலில் நேற்று கிடக்கிறது:
நாசி லெமாக் காகிதம், சத்தே குச்சிகள்,
பந்திங் பஸ்ஸில் வந்த பிள்ளை ஒன்றின்
இடதுகால் செருப்பு.
இன்னும் கொஞ்சம் அழுத்தினால்
கற்பூர டப்பா, நனைந்து ஊதிய எலுமிச்சை,
சீனர் எரித்த பொன்தாளின் சாம்பல்.
எல்லாம் ஒரே பைக்குள்தான்.
கவுன்சிலின் கறுப்புப் பைக்குச் சாமி கிடையாது.
நிரம்பினால் கிழியும், அவ்வளவே.

கடல் இங்கே நீலமில்லை.
தேத்தண்ணிக் கிளாஸ் அலசிய நிறம்.
நீர் வற்றினால் கண்ணெட்டும் மட்டும் சேறு,
அதில் குனிந்தபடி லாலா பொறுக்கும்
கிளானாங் பெண்கள்.
தலைக்குமேல் சிப்பாங் விமானம்
சக்கரத்தை நீட்டிக்கொண்டு இறங்கும்;
அவர்கள் நிமிர்வதில்லை.

நாற்பத்தைந்தில் பட்டாளம் இறங்கிய கரை.
கல் வைத்திருக்கிறார்கள், காக்கை எச்சத்தை
நான்தான் துடைக்கிறேன்.
அவர்கள் வண்டிகளையும் இதே சேறுதான்
அச்சு வரைக்கும் பிடித்துக்கொண்டதாம்.
அதற்கு முன்னால் எங்கள் லயத்திலிருந்து
சயாம் ரயிலுக்குப் போனவர்கள் பதினேழு பேர்.
திரும்பியது மூவர்.
நான் பெருக்கும் எல்லைக்குள்
அவர்களுக்குக் கல் இல்லை.
லயமும் இல்லை இப்போது;
பால்மரம் போய்ச் செம்பனை,
செம்பனையும் பாதி போய்
ஒரே அச்சில் வார்த்த வீடுகள்.

இன்று படிக்கட்டில் ஒரு கலயம்.
கழுத்தில் சிவப்புத் துணி, முடிச்சு அவிழாமல்.
போன திங்களும் இதே முடிச்சு.
அதற்கு முந்தின திங்களும்.
யாரோ அழுது தள்ளிவிட்டதை
மிச்சச் சில்லறையை எண்ணித் தருகிற
கடைக்காரன்போல
திருப்பி வைத்துவிட்டுப் போகிறது கடல்.

ஷஃபிகுல் இரண்டு கையாலும் எடுத்தான்.
"அக்கா, சம்பாவா?"
டாக்காவிலிருந்து வந்து எட்டு மாதம்.
குப்பைக்கு மலாயில் அதுதான்
அவன் கற்ற முதல் சொல்.
என் காதுக்குள் நெல் கொட்டியது.

"சம்பாதான்" என்று சொல்லியிருக்கலாம்.
எந்த மொழியில் என்று கேட்டிருக்க மாட்டான்.
"அங்கேயே வை" என்றேன்.
பதினொன்றுக்கு ஏற்றம்.

ரிட்சுவான் வந்து பைகளை எண்ணினார்.
நாற்பது. கையெழுத்துப் போட்டேன்.
படியில் இருந்ததை அவரும் பார்த்தார்.
லாரியைக் கொஞ்சம் தள்ளி
நிறுத்தச் சொன்னார்.