செவ்வாய்க்கிழமை லோன்

சந்திவெளியில் எனக்கு இருபத்திரண்டு வீடு.
ஸ்கூட்டிச் சத்தம் கேட்டதும்
ரேடியோ நிற்கும். படலை சாத்தும்.
உள்ளே ஒரு பிள்ளை இருமும்.

திறக்கிற வீடுகள்தான் எனக்கு வினை.
காசில்லாத கை
தேத்தண்ணியோடு வரும்.
"குடியுங்க மிஸ், மறுகா கதைப்பம்."
மூன்று கரண்டி சீனி,
அடுத்த கிழமைக்கான தவணை.
வேண்டாம் என்றால் இன்னும் பயப்படுவார்கள்.
குடிப்பேன்.

இரவுச் சோற்றை விட்டு ஆறு மாதம்.
கிளினிக் தராசில் முள் அசையவில்லை:
எண்பத்தொன்று.
நான் பொய் சொல்வதாக நேர்ஸ் நினைத்தா.

டொக்டர்தான் விளங்கப்படுத்தினா:
"இன்சுலின் போய்த் தட்டுது, தசை திறக்குதில்ல.
உடம்பு இன்னும் இன்னும் ஆளனுப்புது.
அவ்வளவு பேர் வாசல்ல நிக்கக்குள்ள
சேத்து வைச்ச கொழுப்பு
லேசில வெளிய வராது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
திறக்காத கதவுக்கு ரெண்டு பேரை அனுப்புவது
எங்கள் கந்தோரின் வழக்கம்.

"நடங்க. நடந்தா
தட்டாமலே கொஞ்சம் திறக்கும்."

இந்தச் செவ்வாய்
ஸ்கூட்டியைக் கோயிலடியில் விட்டேன்.
சத்தமில்லாமல் ஒழுங்கையால் வர,
வேலிக்குப் பின்னால் கோமளேஸ்வரி
றால் உரித்துக்கொண்டிருந்தா.
ஒளிய நேரமில்லை.

"காசில்ல மிஸ்."
"தெரியும். தண்ணி தாங்க. வெறும் தண்ணி."

செம்பில் றால் மணந்தது.
வியர்வை காயும்வரை
இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை.
புத்தகத்தில் அவவின் கட்டத்தை
வெறுமையாய் விட்டுக் கிறுகினேன்.
அடுத்த வளவில்
ரேடியோ பாடிக்கொண்டேயிருந்தது.