பூனைப் பொருத்தம்

பத்துக்கு எட்டு என்றார் தேவகோட்டை ஜோசியர்.
அவர்கள் இளையாத்தங்குடிக் கோயில், நாங்கள் மாத்தூர்,
அதிலும் தடையில்லை.
இசைகுடிமானம் எழுதி உரக்க வாசித்தார்கள்.
மொச்சையைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

மொச்சை என் பூனை.
கழனிவாசல் பஸ் ஸ்டாப்பில் மழைக்கு ஒதுங்கி
என் சாப்பாட்டுப் பைக்குள் தூங்கிப்போனது.

மூன்றாம் நாள் சாத்தப்பனுக்கு மூக்கு.
ஐந்தாம் நாள் கண்.
ஒன்பதாம் நாள் விடிகாலை
ஆஸ்பத்திரிக்கு ஸ்கூட்டரில் போகையில்
அவர் இழுத்த மூச்சு
என் முதுகில் விசிலடித்தது.

முடியால வருகிறது என்பார்கள்.
முடி பாவம்.
எச்சிலில், தோலில் ஊறும் ஒரு புரதம்;
நக்கி நக்கிப் பூசிக்கொண்டது காய்ந்து, பொடிந்து,
மின்விசிறி வரை ஏறி
எங்கள் கல்யாண போட்டோவில் வந்து உட்கார்கிறது.

காசநோய்க்குக் கணித்துக்கொண்டிருந்தவள் நான்,
காரைக்குடியில், ஏசி ஒழுகும் ஓர் ஆய்வகத்தில்.
இப்போது ராத்திரிகளில் பூனைக்கு.

சங்கிலி இரண்டு.
ஒன்றில் எழுபது எழுத்து, மற்றதில் தொண்ணூற்றுச் சொச்சம்.
ஒன்பது ஒன்பதாக நறுக்கி
ஒவ்வொரு துண்டும்
செல்லின் மேலுள்ள பள்ளத்தில் உட்காருமா என்று
கணினியைக் கேட்கிறேன்.
முழுசாக வந்தால் உடம்பு ஊரைக் கூட்டும்.
சரியான துண்டை மட்டும் தோலுக்கடியில்
கொஞ்சம் கொஞ்சமாக விட்டால்
'இதுதானா, வந்துட்டுப் போகட்டும்' என்று பழகும்.
பழகும் என்பது கணிப்பு.
ஜோசியருக்கும் எனக்கும் ஒரே வினைச்சொல்.

அவர் ரத்தத்தை மதுரைக்கு அனுப்பி வகை பார்த்தேன்.
மென்பொருளின் பட்டியலில்
அந்த வகை இல்லை.
எந்தெந்த ஊர் ரத்தத்திலோ படித்தது அது;
இந்தப் பக்கம் வந்ததேயில்லை.
கிட்டத்தட்ட இருப்பதை வைத்துப் பாரேன் என்கிறது.
பக்கத்து வீட்டு ஜாதகத்தைப் பார்த்து
இந்த வீட்டுப் பையனுக்கு முகூர்த்தம் குறிக்கிற மாதிரி.

செவ்வாய்க்கிழமை பராமரிப்புக்காகக் கரண்ட் இல்லை.
யுபிஎஸ் கத்திக் கத்தி ஓய்ந்தது.
புதன் மறுபடி முதலிலிருந்து.
வெள்ளி இரவு மூன்று துண்டுகள் தேறின.

வீட்டுக்கு வந்து சொன்னேன்.
இன்னும் செல்லில் பார்க்கணும், எலியில் பார்க்கணும்,
மனுஷனுக்கு வர வருஷம் பத்தாகும்.
முன்பு இப்படித்தான் ஒரு மருந்து
பெரிய சோதனை வரை போனது,
வெறும் ஊசி போட்டுக்கொண்டவர்களும்
அதே அளவு தேறினார்கள், என்றும் சொன்னேன்.
மறைத்திருக்கலாம்.

'அப்ப எனக்கு வெறும் ஊசியே போதும்' என்றார்
முகக்கவசத்துக்குள்ளிருந்து.

தண்ணீர் குடிக்க எழுந்தபோது மணி இரண்டு.
அடுப்படித் தரையில் சாத்தப்பன்,
நெத்திலியைத் தலை கிள்ளிக் கிள்ளி
தட்டில் போட்டுக்கொண்டிருந்தார்.
மணிக்கட்டு வரை சிவப்பு.
இரண்டு முறை தும்மினார்,
வீடே அதிர.

மொச்சை தலையைத் தூக்கவில்லை.
அதற்குப் பழகிவிட்டது.