என் வயதை வாசித்தவள்

சுவரொட்டியில் வின்காவுக்கு ஏழு வயது.
வீட்டில் அவளுக்கு ஒன்பதரை.
அந்த ஏழு என்னுடையது.

புந்தா அரெனாஸில் காற்று ஆளைத் தள்ளும்.
தெருமுனைகளில் கயிறு கட்டியிருப்பார்கள்,
பிடித்துக்கொண்டுதான் கடக்க வேண்டும்.
வயலின் பெட்டியைக் கோட்டுக்குள் பொத்திக்கொள்வார் அப்பா.
நான் கோட்டின் நுனியைப் பிடித்துக்கொள்வேன்.

அவருக்கு ஆட்டிறைச்சி ஆலையில் வேலை,
குடல் கழுவும் பிரிவு.
தந்திகள் எதனால் ஆனவை என்று தெரிந்த இரவு
வின்கா தட்டைத் தள்ளி வைத்தாள்.
அப்பா சிரித்தார்:
"நான் பாதியில் விடுவதை நீ முடிக்கிறாய், அவ்வளவுதான்."

விடியும் முன் சமையலறை.
விரல் விறைக்காதிருக்க
அடுப்பை ஒட்டி நிற்பாள்.
மேசையில் பத்து உலர்ந்த பட்டாணி.
பிழையில்லாமல் ஒருமுறை வாசித்தால்
ஒரு பட்டாணி இடமிருந்து வலம் போகும்.
பிழைத்தால் போனதெல்லாம் திரும்பி வரும்.
ஒன்பதாவதில் மூன்று முறை சறுக்கினாள் ஒரு நாள்.
மூக்கை உறிஞ்சினாள், வில்லை எடுத்தாள்.
நான் ஒரு பட்டாணியைத் தின்றுவிட்டேன்.
கடினம். கடிக்க முடியாமல் விழுங்கினேன்.
அப்பா எண்ணிப் பார்த்தார்,
பானைக்குள் கைவிட்டு
இன்னொன்று எடுத்து வைத்தார்.

புவனஸ் அயர்ஸிலிருந்து கப்பலில் வந்தார் தெர்ராஸ்ஸினி.
கண்ணை மூடி அவளைக் கேட்டார்.
பிறகு கண்ணைத் திறந்து
அவள் பல்லைப் பார்த்தார், குதிரைக்குப் பார்ப்பதுபோல.
"ஒன்பதரைக்கு யார் சீட்டு வாங்குவார்கள்?"
அம்மா அலமாரியைத் திறந்தாள்.
என் பிறப்புச் சான்றிதழ் அவர் பைக்குள் போனது,
என் நீல கவுன் வின்காவின் தலைவழியே இறங்கியது.
மூச்சை அடக்கச் சொல்லி
கொக்கி மாட்டினாள்.

அரங்கில் எனக்கு மூன்றாம் வரிசை.
பக்கத்துச் சீமாட்டி குனிந்து கேட்டாள்,
"அக்காவா? உனக்கு எத்தனை வயது, செல்லம்?"
வாயைத் திறந்தேன்.
என் முழங்காலில் அப்பாவின் கை,
எவ்வளவு கழுவினாலும் போகாத வாடையோடு.
"ஐந்து" என்றேன்.

வில் முழு நீளத்துக்கு ஏறியபோது
அக்குளில் தையல் விட்டது.
மெல்லிய ஓசை, தந்திகளுக்குக் கீழே எங்கோ.
என் கவுன் என்பதால் எனக்குக் கேட்டது.
அவள் நிறுத்தவில்லை.
அதற்குப் பிறகுதான் கை தாராளமாகப் போனது,
அதற்குப் பிறகுதான் நான் அதுவரை கேட்டிராத
ஏதோ ஒன்று வந்தது.

எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள்.
நானும் தட்டினேன்,
ஐந்து வயதுக்காரி தட்டுவதுபோல.